பாரமில்லாத வல்லமை



கன்வென்ஷன் காலம் நெருங்கி வருகிறது. பந்தல், பாய், ஜெனரேட்டர், சாப்பாடு என்று ஒவ்வொரு சபையிலும் கமிட்டி கூடிப் பேசுகிற நேரம். இந்த மாதம் நான் உபவாசத்தைப் பற்றியோ காத்திருப்பு ஜெபத்தைப் பற்றியோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். ஆனால் மேடையின் ஓரத்தில், யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கிற இரண்டு பொருள்களைப் பற்றி எழுதும்படி என் உள்ளத்தில் ஏவப்பட்டேன். ஒன்று கிட்டார் ஆம்ப்ளிபயர். மற்றது அதோடு சேருகிற ஸ்பீக்கர் பெட்டி.

"என்ன பாஸ்டர், இது எழுப்புதல் பத்திரிகையா, ரேடியோ மெக்கானிக் புத்தகமா?" என்று கேட்பீர்கள். ஊழியத்துக்கு வருமுன் பதினொரு வருஷம் சால்டரிங் அயர்ன் பிடித்த கை இது. இன்றைக்கும் எந்தச் சபைக்குப் பிரசங்கிக்கப் போனாலும், ஆராதனை முடிந்ததும் வாலிபத் தம்பிமார் பக்கத்தில் வந்து தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்பார்கள். "பாஸ்டர், இந்த 8 ஓம் பெட்டியை அந்த ஆம்ப்ளிபயரில் மாட்டலாமா?" நல்ல கேள்வி! இதற்குப் பதில் தெரியாததினாலே, விசுவாசிகள் வயிற்றைக் கட்டிக் கொடுத்த காணிக்கை புகையாய்ப் போனதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே கொஞ்சம் பொறுமையாய் வாசியுங்கள்.

ஒமேகா என்ற அளவு

உங்கள் ஆம்ப்ளிபயரைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். 4, 8, 16 என்று எண்கள் இருக்கும். பக்கத்திலே, வாய் கீழ்நோக்கிய குதிரை லாடம் போல ஒரு குறி இருக்கும். அது என்ன தெரியுமா? கிரேக்க மொழியின் கடைசி எழுத்தாகிய ஒமேகா! வெளிப்படுத்தின விசேஷத்தில் அல்பாவோடு சேர்த்து வாசிக்கிறோமே, அதே ஒமேகாதான். அதை 'ஓம்' என்று வாசிக்க வேண்டும்.

ஓம் என்றவுடனே ஒரு மூப்பர் முகத்தைச் சுளித்தார். "ஐயா, பயப்படாதீங்க, அது ஒரு மனுஷனுடைய பேரு" என்றேன். ஜார்ஜ் சைமன் ஓம் என்பவர் ஜெர்மனி தேசத்துப் பள்ளி ஆசிரியர். மின்சாரத்தின் அழுத்தம், ஓட்டம், தடை ஆகிய மூன்றுக்கும் உள்ள கணக்கை 1827-ம் வருஷத்தில் புத்தகமாக வெளியிட்டார். சொந்த தேசத்தில் உடனே மதிப்பு கிடைக்கவில்லை. 1841-ல்தான் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் கொடுத்துக் கனம்பண்ணியது.

கிட்டாரின் சத்தத்தைச் சுமந்து வருகிற மின்சாரம் ஒரே திசையில் ஓடாது; முன்னும் பின்னும் ஆடும். அப்படி ஆடுகிற மின்சாரத்துக்கு ஒரு கம்பிச் சுருள் காட்டுகிற மொத்த எதிர்ப்புக்கு 'இம்பீடன்ஸ்' என்று பெயர். அந்தப் பெயரை 1886-ல் வைத்தவர் ஆலிவர் ஹெவிசைட் என்ற ஆங்கிலேயர். ஸ்பீக்கரின் காந்தத்துக்குள்ளே இருப்பது கம்பிச் சுருள்தானே? ஆகவே அதற்கும் ஒரு இம்பீடன்ஸ் உண்டு. 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் அது எல்லாச் சுருதிக்கும் ஒரே மாதிரி நிற்காது. கனத்த சுருதியில் ஓரிடத்தில் பல மடங்கு ஏறும்; மேல் சுருதியிலும் ஏறும். எழுதியிருக்கிற எண், பொருத்தம் பார்ப்பதற்காக வைத்திருக்கிற பொதுவான அளவு.

இந்த எதிர்ப்பைக் கடையிலே நாங்கள் 'லோடு' என்போம். தமிழில் சொன்னால் பாரம். ஆம்ப்ளிபயர் தருவதோ 'பவர்'. தமிழில் வல்லமை. வல்லமையும் பாரமும்! தேவ ஜனமே, இந்த இரண்டு வார்த்தைகளும் நமக்குப் புதிதா? ஒவ்வொரு ஜெபக் கூட்டத்திலும் இந்த இரண்டையும் கேட்டுத்தானே கண்ணீர் விடுகிறோம்? அந்த இரண்டும் பொருந்தாவிட்டால் என்ன நடக்கும் என்பதை ஒரு மரப்பெட்டி நமக்குச் சொல்லிக்கொடுக்கிறது.

1. சிறிய எண்ணே பெரிய பாரம்

முதலாவது, டிரான்ஸிஸ்டர் வகை ஆம்ப்ளிபயரைப் பார்ப்போம். நம் சபைகளில் இருப்பதில் பெரும்பாலும் இதுதான். இதிலே 4 ஓம், 8 ஓம் என்றால் 8 தானே பெரிய பாரம் என்று நினைக்கிறோம். இல்லை! எதிர்ப்பு குறையக் குறைய மின்சாரம் அதிகமாய் இழுக்கப்படும். சிறிய எண்தான் பெரிய பாரம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஆம்ப்ளிபயர் 20 வோல்ட் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 ஓம் பெட்டி மாட்டினால் 2.5 ஆம்பியர் ஓடும், 50 வாட்ஸ். 4 ஓம் பெட்டி மாட்டினால் 5 ஆம்பியர், 100 வாட்ஸ். அதே ஆம்ப்ளிபயரில் 2 ஓம் மாட்டினால் 10 ஆம்பியர், 200 வாட்ஸ் கேட்கும். கேட்கும், ஆனால் கொடுக்க அதனிடம் இல்லை! உள்ளே இருக்கிற அவுட்புட் டிரான்ஸிஸ்டர் கொதித்துப் போகும்.

ஆகவே பின்பக்கத்தில் 'குறைந்தபட்சம் 4 ஓம்' என்று போட்டிருந்தால், அதற்கு அர்த்தம் இதுதான்: 4 மாட்டலாம், 8 மாட்டலாம், 16-ம் மாட்டலாம், 4-க்குக் கீழே போகக்கூடாது. 4 ஓம் ஆம்ப்ளிபயரில் 8 ஓம் பெட்டி மாட்டினால் வாட்ஸ் ஏறக்குறைய பாதியாகும், அவ்வளவுதான். "ஐயோ, பாதியா?" என்று பதறாதீர்கள். வாட்ஸ் பாதியானால் சத்தம் 3 டெசிபல்தான் குறையும். காதுக்கு அது கொஞ்ச வித்தியாசம். பந்தலின் கடைசியில் பாயில் உட்கார்ந்திருக்கிற பாட்டியம்மாவுக்கு அது தெரியவே தெரியாது.

இன்னொரு எச்சரிப்பு. நம் சபைகளில் அகுஜா போன்ற ஒலிபெருக்கி செட் இருக்கும். அதன் பின்னால் 4, 8, 16 ஓம் திருகுகளோடு 70 வோல்ட், 100 வோல்ட் என்றும் திருகுகள் இருக்கும். அந்த 100 வோல்ட், தூரத்தில் கட்டுகிற குழாய்களுக்கும் காலம் பெட்டிகளுக்கும் லைன் டிரான்ஸ்பார்மர் வைத்துக் கொடுப்பதற்கு. அதிலே போய் நேராக 8 ஓம் கிட்டார் பெட்டியைக் கட்டினால், கணக்குப்படி 1,250 வாட்ஸ் கேட்கும். 100 வாட்ஸ் செட் எங்கே போகும்?

பிரியமானவர்களே, இந்தத் தவறை நாம் மனுஷரிடத்திலும் செய்கிறோம் அல்லவா? ஒரு தம்பி ஞானஸ்நானம் எடுத்து மூன்று மாதம் ஆகியிருக்கும். நல்ல வாஞ்சை. உடனே ஞாயிறு பள்ளி அவனுக்கு, வாலிபர் கூட்டம் அவனுக்கு, கைப்பிரதி ஊழியம் அவனுக்கு, நாற்காலி அடுக்குவதும் அவனுக்கு. 4 ஓம் தாங்குகிறவன்மேல் 2 ஓம் வைக்கிறோம். ஆறு மாதத்தில் அவன் களைத்துப்போய் வீட்டில் படுத்துக்கொண்டால், "பின்மாற்றம்" என்று பேர் வைக்கிறோம்!

2. பாரமில்லாத வல்லமை

இரண்டாவது, வால்வு ஆம்ப்ளிபயர். பல்பு மாதிரி கண்ணாடிக் குழாய்கள் உள்ளே சிவந்து எரியும். பெண்டர், மார்ஷல் கம்பெனிகள் பேர் பெற்றது இவைகளால்தான். இதன் சுபாவம் வேறே. டிரான்ஸிஸ்டருக்குச் சொன்ன சட்டத்தை இதன்மேல் போடாதீர்கள்.

வால்வுக்கு 8 ஓம் என்ற சின்ன எதிர்ப்பு பிடிக்காது. ஆயிரக்கணக்கான ஓம் இருந்தால்தான் அது வேலை செய்யும். ஆகவே நடுவிலே ஒரு மத்தியஸ்தனை வைத்தார்கள். அதுதான் அவுட்புட் டிரான்ஸ்பார்மர். முதல் சுருளில் 20 சுற்றுக்கு இரண்டாம் சுருளில் 1 சுற்று இருந்தால், 20-ஐ 20-ஆல் பெருக்கி 400. பெட்டி 8 ஓம் என்றால் வால்வின் கண்ணுக்கு அது 3,200 ஓம். இஎல்-34 என்ற வால்வு ஒரு ஜோடி போட்ட 50 வாட்ஸ் ஆம்ப்ளிபயர் எதிர்பார்ப்பதும் ஏறக்குறைய அதுதான். சரியான பொருத்தம்!

அதே இடத்தில் 16 ஓம் பெட்டியை மாட்டினால் வால்வு 6,400 ஓமைப் பார்க்கும். சத்தம் குறையும், டிரான்ஸ்பார்மர் சுருளில் அழுத்தம் கூடும். 4 ஓம் பெட்டியை மாட்டினால் 1,600 ஓம். வால்வு அதிகமாய் உழைத்துச் சீக்கிரம் தேய்ந்துபோகும். இதற்காகத்தான் பல ஆம்ப்ளிபயர்களின் பின்னால் 4, 8, 16 என்று ஒரு ஸ்விட்ச் அல்லது தனித்தனி ஜாக் வைத்திருக்கிறார்கள். பெட்டி எதுவோ, ஸ்விட்ச் அதுவாக இருக்க வேண்டும். ஒரு படி வித்தியாசத்தைப் பல ஆம்ப்ளிபயர்கள் ஒரு இரவு தாங்கும். தாங்குகிறதே என்று அதைப் பழக்கமாக்காதீர்கள். சவுலின் கவசம் நல்ல கவசந்தான்; ஆனாலும் தாவீது அதைக் கழற்றிப் போட்டான். குறை கவசத்தில் இல்லை, தாவீதிலும் இல்லை. பொருத்தம் இல்லை!

இப்போது மிக முக்கியமான காரியத்துக்கு வருகிறேன். வால்வு ஆம்ப்ளிபயருக்கு எது பெரிய ஆபத்து? 4 ஓமா? 16 ஓமா? இரண்டும் இல்லை. பெட்டியே இல்லாமல் ஓடுவது! பாரமே இல்லாத வல்லமை!

ஒரு கிராமத்துச் சபையில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர் வேண்டாம். பழைய 50 வாட்ஸ் வால்வு ஆம்ப்ளிபயர் ஒன்றை மூன்று மாதக் காணிக்கையைச் சேர்த்து வாங்கினார்கள். கன்வென்ஷன் முதல் நாள் மாலை, மேடையில் இடம் மாற்றும்போது யாரோ பெட்டி ஒயரை உருவிவிட்டார்கள். கிட்டார் வாசிக்கிற தம்பிக்கு அது தெரியாது. வாசிக்கிறான், சத்தம் வரவில்லை. வால்யூமைக் கூட்டுகிறான். வரவில்லை. இன்னும் கூட்டுகிறான். ஐந்து நிமிஷத்தில் ஒரு நாற்றம். என்னைக் கூப்பிட்டார்கள். திறந்து பார்த்தால் வால்வு சாக்கெட்டில் பின்னுக்குப் பின் தீப்பொறி பாய்ந்து கரியாய் இருந்தது. அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் போயிற்று.

ஏன் இப்படி ஆகிறது? டிரான்ஸ்பார்மர் தனக்குள் சேர்க்கிற சக்தியைப் பெட்டியிடம் இறக்கி வைக்க வேண்டும். பெட்டி இல்லாவிட்டால் அது எங்கே போகும்? திரும்பி உள்ளே வந்து பெரிய வோல்ட்டேஜாய் எழும்பி, சுருளின் இன்சுலேஷனையே கிழித்துவிடும். வெளியே ஒரு சத்தமும் கேட்காது. உள்ளே அழிவு நடக்கும்.

எலிசா தீர்க்கதரிசியின் நாளிலே அந்த விதவையின் வீட்டில் எண்ணெய் எதுவரைக்கும் ஓடிற்று? பாத்திரம் இருந்த வரைக்கும். வேறே பாத்திரம் இல்லையென்று மகன் சொன்னபோது எண்ணெய் நின்றுபோயிற்று. வல்லமை பாத்திரத்தைத் தேடுகிறது! ஆத்தும பாரம் இல்லாமல், இறங்கி ஊற்ற ஒரு ஏழை வீடு இல்லாமல், விசாரிக்க ஒரு வியாதியஸ்தன் இல்லாமல், மேடையிலே மட்டும் வல்லமை வல்லமை என்று வால்யூமைக் கூட்டுகிற ஊழியன் கடைசியில் யாரை எரிப்பான்? தன்னைத்தானே எரிப்பான்.

அந்தச் சபையில் அதோடு முடியவில்லை. "இதுக்குத்தான் கிட்டாரே வேண்டாம்னு சொன்னோம்" என்று இரண்டு பெரியவர்கள் எல்லார் முன்னும் சத்தம் போட்டார்கள். அந்தத் தம்பி இரண்டு மாதம் ஆராதனைப் பக்கமே வரவில்லை. நான் பெரியவர்களிடம் சொன்னேன்: "ஐயா, டிரான்ஸ்பார்மரை மறுபடி சுற்றிக்கொள்ளலாம். பிள்ளையின் மனசை எந்தக் கடையில் சுற்றுவீர்கள்? அவனுக்கு யாராவது சொல்லிக் கொடுத்தீர்களா?" ஒருவரும் பதில் பேசவில்லை. இந்தச் செய்தியை நான் எழுதுவதற்கு அந்தத் தம்பிதான் காரணம். சொல்லிக்கொடுக்காமல் குற்றப்படுத்துவது நியாயமல்ல.

3. பகிர்ந்து சுமங்கள்

மூன்றாவது, ஒரு பெட்டிக்குள் பல ஸ்பீக்கர்கள். மோசே தனியாய் ஜனங்களைச் சுமக்கக்கூடாமல் போனபோது எழுபது மூப்பர்கள் அவரோடே பாரத்தைப் பகிர்ந்துகொண்டார்கள் என்று எண்ணாகமம் 11-ம் அதிகாரத்தில் காண்கிறோம். ஸ்பீக்கர்களும் அப்படியே. ஆனால் பகிர்வதிலும் ஒரு ஒழுங்கு உண்டு.

ஒன்றன்பின் ஒன்றாய் வரிசையில் கோர்த்தால் அது சீரியஸ். ஓம்களைக் கூட்ட வேண்டும். 8-ம் 8-ம் 16. பக்கம் பக்கமாய் இணைத்தால் அது பேரலல். 8-ம் 8-ம் 4. பெண்டர் ட்வின் ரிவெர்ப் என்ற புகழ்பெற்ற ஆம்ப்ளிபயரில் 12 அங்குல 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டு பேரலலில் இருக்கின்றன. ஆகவே அது 4 ஓம். மார்ஷல் 1960ஏ என்ற பெரிய பெட்டியில் 16 ஓம் ஸ்பீக்கர் நான்கு. இரண்டிரண்டாய் சீரியஸில் கோர்த்து, அந்த இரண்டு ஜோடியையும் பேரலலில் சேர்த்தால் மறுபடியும் 16 ஓம். நான்கையும் பேரலலில் சேர்த்தால் 4 ஓம். ஒவ்வொரு ஸ்பீக்கரும் 75 வாட்ஸ் தாங்கும். நாலும் சேர்ந்து 300 வாட்ஸ் தாங்கும். இதில் 100 வாட்ஸ் மாட்டினால் ஆளுக்கு 25 வாட்ஸ்தான். சுகமான பாரம்!

சமமில்லாததைச் சேர்த்தால் என்ன? 8 ஓம் பெட்டியோடு 4 ஓம் பெட்டியைப் பேரலலில் சேர்த்தால் மொத்தம் 2.67 ஓம் ஆகும். அது பல ஆம்ப்ளிபயருக்கு ஆகாது. அதுமட்டுமல்ல, 4 ஓம் பெட்டி மற்றதைவிட இரண்டு மடங்கு வாட்ஸைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும். எருதையும் கழுதையையும் ஒரே ஏரில் பூட்டவேண்டாம் என்று நியாயப்பிரமாணம் கட்டளையிட்டதின் காரணம் வயலில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். எருதுக்கும் சுகமில்லை, கழுதைக்கும் சுகமில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டு ஸ்பீக்கர் பேரலலில் இருக்கும்போது ஒன்று அறுந்தால் மற்றது பாடிக்கொண்டிருக்கும். சீரியஸில் ஒன்று அறுந்தால் இரண்டும் ஊமையாகிவிடும். ஆம்ப்ளிபயரும் பாரமில்லாமல் நிற்கும். வால்வு ஆம்ப்ளிபயராக இருந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

கன்வென்ஷனுக்கு முன் செய்ய வேண்டியவை

கோபுரம் கட்டப்போகிறவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கவேண்டும் என்று நம் ஆண்டவர் போதித்தார். சவுண்ட் பார்க்கிற தம்பிமார் இந்த வரிகளைக் கத்தரித்து ஆம்ப்ளிபயர் மூடியில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

1. பெட்டியில் எழுத்து அழிந்து போயிருந்தால் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். பெட்டி ஒயரை ஆம்ப்ளிபயரிலிருந்து கழற்றி, அதன் பின்னின் நுனியிலும் உடலிலும் மீட்டரை வையுங்கள். மீட்டர் கம்பியின் தடையை மட்டுமே காட்டும். ஆகவே எண் குறைவாய்த் தெரியும். 6 அல்லது 7 காட்டினால் அது 8 ஓம். 3-க்கும் 4-க்கும் நடுவில் என்றால் 4 ஓம். 11 முதல் 13 வரை என்றால் 16 ஓம்.

2. முதலில் பெட்டி ஒயர், பிறகு கரண்ட். ஒயரைக் கழற்றுவதும் ஓம் ஸ்விட்சைத் திருப்புவதும் கரண்டை அணைத்த பிறகே.

3. கிட்டாரிலிருந்து வருகிற ஒயரைப் பெட்டிக்குப் போடாதீர்கள். இரண்டுக்கும் பின் ஒரே மாதிரி இருக்கும், உள்ளம் வேறே. கிட்டார் ஒயரின் உள்ளே மெல்லிய ஒரு கம்பியும் சுற்றிலும் வலையும் இருக்கும். பெட்டிக்குத் தடித்த இரண்டு கம்பி உள்ள ஸ்பீக்கர் ஒயர் வேண்டும். மெல்லியது சூடேறி அறுந்தால், மறுபடியும் பாரமில்லாத வல்லமைதான்.

4. பழைய பெண்டர் ஆம்ப்ளிபயர்களில் இரண்டு ஸ்பீக்கர் ஜாக் இருந்தால், முதல் பெட்டியை மெயின் ஜாக்கிலேயே மாட்டுங்கள். அது காலியாக இருந்தால் அவுட்புட் ஷார்ட் ஆகும்படி பாதுகாப்புக்காக அமைத்திருக்கிறார்கள். இரண்டாம் ஜாக்கில் மட்டும் மாட்டினால் சத்தம் வராது.

5. பெட்டி தாங்குகிற வாட்ஸ், ஆம்ப்ளிபயரின் வாட்ஸைவிட அதிகமாய் இருக்கட்டும். வால்வு ஆம்ப்ளிபயரை முழுவதும் திறந்து வாசித்தால், எழுதியிருக்கிற வாட்ஸுக்கு மேலேயே கொடுக்கும்.

6. வால்வு ஆம்ப்ளிபயரைத் திறக்காதீர்கள்! கரண்ட் ஒயரைப் பிடுங்கின பிறகும் உள்ளே கண்டென்சரில் நானூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அது உயிரை எடுக்கும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

கமிட்டிப் பெரியவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆம்ப்ளிபயர் வாங்குகிற அன்றைக்கே பெட்டிக்கும் நல்ல ஒயருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். ஒரு தம்பியை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் இரண்டு நாள் அனுப்பிப் பழக்குங்கள். அந்தப் பஸ் சார்ஜ், ஒரு டிரான்ஸ்பார்மரை விட மிகவும் மலிவு.

சாலொமோன் தேவாலயத்தைப் பிரதிஷ்டை பண்ணின நாளில் பூரிகை ஊதுகிறவர்களும் பாடகரும் ஒரே சத்தமாய்த் தொனித்தார்கள். ஆலயம் மேகத்தினால் நிறைந்தது. எத்தனை வாட்ஸ் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் ஒருமித்திருந்தார்கள்! பிரியமானவர்களே, பெரிய வல்லமை கேட்பதற்கு முன், உனக்குக் குறிக்கப்பட்ட பாரம் எது என்று கேள். உன்னால் தாங்கக்கூடாததைப் பெருமைக்காகத் தோளில் ஏற்றாதே. பாரமே வேண்டாம் என்று ஒயரை உருவிக்கொண்டும் நிற்காதே. பெற்றுக்கொண்ட வல்லமை, பொருத்தமான ஒரு பாத்திரத்தின் வழியாய் வெளியே போகட்டும். அப்பொழுது நீயும் எரிந்து போகமாட்டாய். பந்தலின் கடைசிப் பாயில் இருக்கிறவர்களுக்கும் சத்தம் தெளிவாய்க் கேட்கும்.

கர்த்தர் தாமே உங்களையும், உங்கள் சபையின் வாலிபரையும், அவர்கள் கையின் வாத்தியங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென். அல்லேலூயா!